முடிச்சு விழாத நூல்

எடப்பாடிக்கு மேற்கே, நெசவுத் தெரு,
ஈசுவர வருஷம் கார்த்திகை மாதம் 20ஆம் தேதி.

சிரஞ்சீவி சண்முகவேலுக்குத் தகப்பன் வீரபாகு மனம் நிறைந்த ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகள் தெய்வானையும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே இலங்கை மலையில் நீயும் மருமகள் சாரதாமணியும் கைக்குழந்தையும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். ஐப்பசியில் நீ போட்ட கடிதம் கிடைத்தது. குழந்தைக்குப் பல் முளைத்த சேதியைப் படித்துச் சொன்னதும் உன் அம்மா தெருக்கோடி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், உலகத்தில் வேறு எந்தக் குழந்தைக்கும் பல்லே முளைக்காதது போல. ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் தெருவில் பாவு நூல் விரிக்க வழியில்லாமல் பதினைந்து நாள் தறி சும்மா கிடந்தது, இப்போது நல்ல வெயில் காண்கிறது, இரண்டு பாவு ஏறிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலிக்குச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தைலம் வரவழைத்தோம், வலி போகவில்லை, வீடு முழுக்க அந்த வாடைதான் நிற்கிறது. செவலைப் பசு காளைக் கன்று போட்டிருக்கிறது.

தெய்வானை சங்கதியாகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக இருக்கும், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற அவசரத்தில் படிக்காமல் வேலை முடிந்து உட்கார்ந்து படி. அந்த ஊர்க் குளிரில் கக்குவான் இருமல் வந்து பிள்ளை பிழைப்பாளோ மாட்டாளோ என்றிருந்தபோது மூன்று வயதில் எங்களிடம் விட்டுப் போனீர்கள். நடுவில் ஒரு தரம் வந்து பதினோரு நாள் இருந்தாய். இப்போது அவளுக்கு எட்டு நடக்கிறது, நம் தெருப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் இங்கே வகுப்பு இல்லை, எடப்பாடிக்கு நடந்துபோய்ப் படிக்கப் பெண்பிள்ளைகளை யாரும் அனுப்புவதும் இல்லை, ராட்டையில் தறிக்குத் தார் சுற்ற உட்கார்த்தி விடுகிறார்கள். ஆடி மாதத்தில் பள்ளிக்கூடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரிடம் நம் சின்னுசாமி வாத்தியார் நாலாம் வகுப்பு வேண்டுமென்று கேட்டிருக்கிறார். அதற்கு அவர், இந்த ஊரில் பெற்றவர்களுக்கே படிப்பில் அக்கறை இல்லை, அக்கறை இருக்கிறதென்றால் எவ்வளவு இருக்கிறதென்று கணக்காகக் காட்டுங்கள், தை பிறந்ததும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குதிரை வண்டி ஏறிவிட்டாராம். பிள்ளைகளை அளக்கப் பரீட்சை இருக்கிறது, பெற்றவர்களை எதைக் கொண்டு அளப்பது என்று வாத்தியார் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். மனிதர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நெசவு தெரியாது, ஆனால் நெசவாளிகளுக்கு என்ன புரியும் என்பது தெரிந்திருக்கிறது. ஒரு நீளச் சட்டத்தில் வரிசையாக ஆணி அடித்து, பிள்ளைக்கு ஒரு நூல் தொங்கவிட்டார். தாயோ தகப்பனோ பள்ளிக்கூடத்துக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து தன் பிள்ளை வாசிப்பதைக் கேட்டால் அந்த நூலில் ஒரு முடிச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிச்சுகளை எண்ணி நோட்டில் ஏற்றிக்கொள்வார். நூல் கொடுத்தது நான்தான். நாலிழை முறுக்கிச் சிவப்புச் சாயம் தோய்த்து முப்பத்திரண்டு பிள்ளைக்கும் ஆளுக்கொரு முழம் நறுக்கிக் கொடுத்தேன்.

நூல் தொங்கினதும் தெருவுக்கே கிறுக்குப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாதவனெல்லாம் தறியை விட்டு இறங்கி அங்கே போனான். நம் எதிர்வீட்டு மணியன் முதல் நாளே போய் உட்கார்ந்து, மகள் முதல் பாடத்தை முடிப்பதற்குள் குறட்டை விட்டு, எழுந்ததும் முடிச்சுப் போட்டாச்சுங்களா என்று கேட்டானாம். அவனுக்கு மகள் படிப்பைவிட மச்சான் நூலைத் தாண்ட வேண்டும் என்பதுதான் கவலை. ஒரு நாள் அவனும் மச்சானும் யார் முதலில் வந்தது என்று வகுப்பு நடுவிலேயே கட்டிப் புரண்டிருப்பார்கள், வாத்தியார் இரண்டு பேருக்கும் முடிச்சு இல்லையென்று வெளியே அனுப்பினார். பொன்னாயி இருக்கிறாளே, கடலைக்காட்டில் கூலிக்குக் களை எடுக்கிறவள், அவள் வந்தது மொத்தம் நாலு தரம். வாசலில் நின்றவளை வாத்தியார்தான் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தார். மகள் பயிர்ப் பாடம் வாசித்தாளாம். கேட்டுக்கொண்டே இருந்தவள், அந்த இடத்தை மறுக்காப் படி சாமி என்று சொல்லி, இரண்டாம் தரமும் கேட்டுவிட்டு, ஏனுங்க சார், களை எடுக்கற காலம் அதில்லீங்களே, புஸ்தகத்துல தப்பாப் போட்டிருக்குதுங்களே என்றாளாம். நோட்டில் மணியனுக்குப் பதினொன்று, பொன்னாயிக்கு நாலு. நீ கொழுந்து நிறுக்கிறவன், மழையில் நனைந்த கொழுந்து தராசில் கூடுதலாக நிற்கும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். தெரியுதுங்க, ஆனா மணியன் மகளும் அப்பா குறட்டை விட்டாலும் வந்தாருன்னு சிரிச்சுக்கிட்டுத்தான் வாசிக்கிறா, அதை நான் எப்படிக் கழிப்பேன் என்றார். அதுவும் சரிதான்.

நானும் போனேன். பெற்றவர் இடத்தில் நான்தானே இருக்கிறேன், வாத்தியாரும் ஆட்சேபம் சொல்லவில்லை, தெய்வானை நூலை எடுத்து முடிச்சுப் போடக் கையைக் கொண்டுபோனார். இந்தப் பெண் எழுந்து நின்று, வேண்டாமுங்க சார், அது எங்கப்பன் நூலுங்க, அப்பாருக்கு வேற நூல் கட்டுங்க என்று சொல்லிவிட்டாள். என்னை அவள் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் வாத்தியார் சிரித்துக்கொண்டு பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்து எனக்கொரு நூல் கட்டினார். அதில் இப்போது ஒன்பது முடிச்சு இருக்கிறது, நான் தூங்காமல் வாங்கியது. உன் நூல் கட்டினபடியே தொங்கியது. தீபாவளி கழித்து எண்ணினபோது மற்ற எல்லா நூலிலும் ஒன்றிரண்டாவது விழுந்திருக்க, அது ஒன்றுதான் மொட்டை. ஏதோ ஒரு பிள்ளை, உங்கப்பனுக்கு நீ வேண்டாமாட்ட இருக்குது என்று சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் பேச்சு, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆனால் அன்றையிலிருந்து தெய்வானை வகுப்பில் வாய் திறந்து வாசிப்பதில்லை. எழுதச் சொன்னால் எழுதுகிறாள், கணக்குப் போடுகிறாள், வாசி என்றால் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் போய் உட்கார்ந்தாலும் அப்படித்தான். வாத்தியார் கோபக்காரர் இல்லை, ஆனால், தை மாதம் இன்ஸ்பெக்டர் முன்னால இப்படி நின்னா நான் எப்படிங்க நாலாம் வகுப்புல உட்கார வைப்பேன், எல்லாம் தெரிஞ்ச பிள்ளை இதனால நின்னுபோகக் கூடாது என்று வருத்தப்பட்டார். அவளோடு பொட்டைப் பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள், இவள் நின்றால் அதுகளையும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமான காரியம், ஆனாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன். போன வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் சோற்றுக்குப் போயிருந்த நேரத்தில் நான் பள்ளிக்கூடத்துக்குள் போய் உன் நூலில் ஒரு முடிச்சுப் போட்டேன். ஒரே ஒரு முடிச்சு, பிள்ளை மனசு ஆறட்டும் என்றுதான். அவசரம், பயம், யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று வாசலைப் பார்த்துக்கொண்டே போட்டேனா, நாற்பது வருஷப் பழக்கத்தில் என் கை என்னைக் கேட்காமல் நூலை வெட்டி, பிசிறைக் கிள்ளி, தறியில் அறுந்த இழையைச் சேர்ப்பது போலச் சேர்த்துவிட்டது. வாத்தியார் போடுகிற முடிச்சு ஒவ்வொன்றும் கொள்ளுப் பயறு தண்டிக்கு இருக்கும். நம் தறி முடிச்சோ கண்ணுக்குத் தெரியக் கூடாது என்றே போடுவது. வெள்ளிக்கிழமை எண்ணிய வாத்தியாருக்கு அது தெரியவே இல்லை, அது மொட்டைதான் என்று விட்டுவிட்டார். தெய்வானை தினமும் சாயங்காலம் எனக்குத் தார் சுற்றித் தருகிறவள், எந்த இழையில் எங்கே சேர்ப்பு இருக்கிறதென்று விரல் நுனியில் சொல்லுவாள். அந்த நூலைத் தினம் ஒரு தரம் தடவிப் பார்ப்பாளாம், எனக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பையை மாட்டிவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அந்தச் சிவப்பு நூல், நான் சேர்த்த இடத்தில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தது. அப்பாரு, இது உங்க முடிச்சுங்க என்றாள். நான் பொய் சொல்லப் பார்த்தேன், உங்கப்பன் வந்துட்டுப் போனானோ என்னவோ சாமி என்றேன். அதற்கு அவள், எங்கப்பன் வந்திருந்தா எங்கிட்டச் சொல்லாமப் போயிருக்க மாட்டாருங்க என்றாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை, ராட்டையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அன்றைக்கு மேற்கொண்டு ஒரு விரல்கடை கூட நெய்யவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. நீ எடப்பாடியில் நாலாம் வகுப்புப் படித்தபோது, பரிசு கொடுக்கிறார்கள், எல்லார் அப்பாவும் வருகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்று மூன்று நாள் முன்னதாகவே சொல்லி வைத்தாய். அன்றைக்குக் காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டிருந்தேன், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டு வந்தால் இழை ஒட்டிக்கொள்ளும் என்று வரவில்லை. சாயங்காலம் நீ ஒரு புதுப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாய், நான் கை கஞ்சியாக இருக்கிறது, அங்கே வை என்றேன். இதெல்லாம் இத்தனை வருஷம் என் நினைவிலேயே இல்லை, இந்தச் சிவப்பு நூலைப் பார்த்த பிறகுதான் வந்தது. உனக்கு அப்போது ஒரு ஆணியும் நூலும் இருந்திருந்தால் அதுவும் மொட்டையாகத்தான் தொங்கியிருக்கும். அது என் தப்பு சண்முகவேல். ஒரு நாள் பாவு கெட்டிருந்தால் கெட்டிருக்கட்டும், வந்திருக்க வேண்டும். வந்தவனைப் பார்த்துத்தானே நீ கற்றுக்கொண்டிருப்பாய்.

சனிக்கிழமை வாத்தியாரிடம் போய் நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன், நூலை அவ்வளவு நேர்த்தியா எப்படிங்க சேர்த்தீங்க என்று கேட்டுவிட்டு யோசித்தார். பிறகு சொன்னார், இலங்கையிலிருந்து தகப்பன் நடந்து வர முடியாது, ஆனால் தகப்பன் தன் கையால் இந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதி, அதைப் பிள்ளை வகுப்பில் நின்று உரக்க வாசித்தால், அவர் வந்து உட்கார்ந்து கேட்டதற்குச் சமமாக நான் எடுத்துக்கொள்வேன், இன்ஸ்பெக்டர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று. வீட்டுக்கு வந்து தெய்வானையிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான், எங்கப்பன் எனக்கே எழுதுவாருங்களா என்று. நீ போட்ட கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் கடைசி வரியில், தெய்வானையை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும் என்று இருக்கிறது, அவளுக்கென்று ஒரு வரி இல்லை. எழுதுவான் சாமி என்று உன் பேரில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். வந்து நில் என்று நான் கேட்கவில்லை, உன் தோட்டத்துத் துரை லீவு கொடுக்க மாட்டான் என்பது தெரியும். ஒரு கடிதம் எழுது. பேரும் விலாசமும் அவள் பேருக்கே போடு, பள்ளிக்கூடத்துக்கே அனுப்பு. உன் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும், பெரிது பெரிதாக, எழுத்தை விட்டு விட்டு எழுது. புத்தி சொல்லாதே, அதைச் சொல்ல இங்கே நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தராசு எப்படி இருக்கும், காலில் அட்டை ஏறினால் என்ன செய்வாய், தம்பி அவளைப் போல இருக்கிறானா, எடப்பாடிச் சந்தைக்கு அவளைத் தோளில் தூக்கிப் போனாயே அது உனக்கு நினைவிருக்கிறதா, இதையெல்லாம் எழுது. அவளுக்கு அந்தச் சந்தை நினைவிருக்கிறது. சாரதாமணியும் அதிலேயே நாலு வரி எழுதட்டும், எழுத வராவிட்டால் அவள் சொல்ல நீ எழுது.

குழந்தையைக் குளிரில் வெளியே தூக்காதீர்கள், கம்பளியைத் தலைக்கும் சேர்த்துப் போர்த்துங்கள். நீயும் நனைந்த துணியோடு நிற்காதே. அங்கே வருகிற ஆள் கையில் உன் அம்மா முறுக்கும் கொள்ளுப் பொடியும் கொடுத்தனுப்புவாள். உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம், நோய் நொடியில்லாமல் நூறு வயது இருங்கள்.

நினைவாக ஒன்று. இன்ஸ்பெக்டர் தை பிறந்து இரண்டாம் வாரம் வருகிறார், கடிதம் வந்து சேரப் பத்து நாள் முன்பின்னாகும், பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தை மடிக்கப் போகும்போது தெய்வானை வந்து அந்த நூலின் இரண்டு துண்டையும் கொடுத்து, அப்பனே முடிச்சுப் போட்டு அனுப்பட்டுமுங்க, சார்கிட்டக் கேட்டுட்டேன், அதுவரைக்கும் ஆணி சும்மா இருக்கட்டும்னு சொல்லிட்டாரு என்றாள். உள்ளே வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. சிறு வயதில் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த தறி முடிச்சைப் போடாதே. வாத்தியார் போடுவது போல, பார்க்கிறவர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, பெரிதாகப் போடு.

இப்படிக்கு
உன் அப்பன்
வீரபாகு