முத்திரையில்லாத டம்ளர்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
மாடி வீடு,
மளிகைக் கடைக்கு எதிரில்.

பெறுநர்:
எடையளவு ஆய்வாளர் அவர்கள்,
எடையளவு அலுவலகம்.

பொருள்: மளிகைக் கடையில் தங்களால் பறிமுதல் செய்யப்பட்ட எவர்சில்வர் டம்ளர் கடைக்காரருடையது அல்ல, என்னுடையது – திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த வாரம் மேற்படி கடையில் தாங்கள் சோதனை நடத்தியபோது, தராசுக்குப் பக்கத்தில் ரவையோடு இருந்த டம்ளரை, முத்திரையில்லாத அளவை என்று கூறி எடுத்துச் சென்றீர்கள். "சார், அது அந்தம்மாவோட டம்ளர்" என்று கடைக்காரர் சொன்னது முழு உண்மை. அந்தம்மா நான்தான். பக்கத்திலேயே நின்று நானும் சொன்னேன். தாங்கள் ரசீது கேட்டீர்கள். வீட்டு டம்ளருக்கு யாராவது ரசீது வைத்திருப்பார்களா, ஐயா?

2. டம்ளர் கடைக்குப் போன காரணம் வருமாறு. நான் வேலைக்குப் போனேன். வீட்டில் என் அக்கா சமைத்தாள். நாங்கள் இருவர்தான். அறுபது வயதில் அக்காவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. நல்ல மனிதர். "தாராளமா போக்கா, நான் பாத்துக்கறேன்" என்று வீறாப்பாகச் சொன்னவளும் நான்தான். இப்போது தினமும் மாலை போனில் சமையல் சொல்லித் தருகிறாள். அவளுக்கு எல்லாம் அந்த டம்ளர் கணக்கு; கடையில் எல்லாம் கிராம் கணக்கு. கிலோவாக வாங்கினால் பாதியை வண்டுதான் சாப்பிடுகிறது. ஆகவே என் அளவுக்கு எத்தனை கிராம் வரும் என்று நிறுத்துப் பார்த்து, வேண்டியதை மட்டும் வாங்க நினைத்தேன். டம்ளரைத் தராசில் வைப்பதற்குள் தாங்கள் வந்துவிட்டீர்கள்.

3. வேறு டம்ளர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, ஒன்றைப் போல் ஒன்று இல்லை. "எந்த டம்ளரா இருந்தா என்னம்மா, ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி" என்று கடைக்காரர் சமாதானம் சொல்கிறார். தண்ணீர் சரி. அக்கா சொல்லும் உப்பு அந்த டம்ளருக்குச் சொல்லும் உப்பாயிற்றே! நேற்று வாயில் வைக்க முடியவில்லை. "எப்படி வந்துச்சு?" என்று அக்கா கேட்டாள். பிரமாதம் என்றேன்.

4. டம்ளர் போன விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். இப்போதுதான் தனக்கென்று நாலு நாள் வாழ ஆரம்பித்திருக்கிறாள். அவளை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஐயா. வேலைக்காலம் முழுக்க யார் யாருடைய பேச்சையோ இணைத்துக் கொடுத்தவள் நான். எனக்கென்று இருப்பது அந்த ஒரு மாலை போன்தான். அதிலும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5. டம்ளரின் அடையாளம்: விளிம்பில் ஒரு நசுங்கல். உள்ளே பாதி உயரத்தில் ஆணியால் கீறிய கோடு. அரிசியை விளிம்பு வரை போட்டால் எங்கள் இருவருக்கும் சரியாக இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் அக்கா அந்தக் கோட்டைக் கீறி, "இனிமே இதுவரைக்கும் போட்டா போதும்டி" என்றாள். சொல்லிவிட்டு, டம்ளரை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

6. எனவே டம்ளரைத் திருப்பித் தர ஆவன செய்யுங்கள். விதி இடம் தராவிட்டால் ஒரு உதவி. அரிசி, ரவை, பருப்பு, கோதுமை மாவு ஆகியவற்றைத் தனித்தனியே அந்தக் கோடு வரை நிரப்பி, டம்ளரின் எடையைக் கழித்து, கிராமில் எழுதிக் கொடுங்கள். ஒன்றின் எடை மற்றொன்றுக்கு வராது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மாவைத் தட்டி அமுக்க வேண்டாம். அக்கா அமுக்க மாட்டாள்.

அரிசியை மட்டும் விளிம்பு வரை நிரப்பியும் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். அக்கா என்றைக்காவது வந்தால் எனக்கு அந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இடம்: மேற்படி மாடி வீடு
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
டம்ளருக்கு உரியவள்