எலும்பில்லாத கல்வட்டம்

இன்று காலை உன் துணிப்பையைத் துவைக்க எடுத்து உதறினேன். அடியிலிருந்து கொஞ்சம் செம்மண் உதிர்ந்தது. பழவேற்காட்டில் எங்கே தோண்டினாலும் மணல்தான். இது பூண்டி மண். பையைப் பிடித்தபடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து நம் மகன் ஏழுமலை போன பிறகு, வருடக்கணக்கில் நீ அவனுக்குக் காரியம் செய்ய விடவில்லை. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் உடம்புகூட ஒதுங்கவில்லை. "பாக்காத சாவ நான் எப்பிடி ஒத்துக்கறது?" என்றாய். உன் எதிரில் அவன் பேரை எடுப்பதையே நான் விட்டேன். மீன் விற்கப் போகும் வழியில் டச்சுக்காரர்களின் கல்லறை வந்தால் மட்டும் நின்றுவிடுவாய். எங்கிருந்தோ கப்பலேறி வந்து செத்தவனுக்கெல்லாம் பேர் வெட்டின கல் இருக்கிறது, இங்கேயே பிறந்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஒருநாள் முணுமுணுத்தாய். நான் கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பூண்டிப் பக்கம் பெண்ணெடுத்த உன் தம்பிதான் நம்மை வற்புறுத்தி அழைத்துப் போனான். கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கு, கல்லைச் செதுக்கி ஆயுதம் செய்த ஆதி மனிதர்கள் இருந்த இடம் என்றான். நீ தலையாட்டினாயே தவிர எதையும் பார்க்கவில்லை. முட்புதர்களைத் தாண்டி மேட்டில் ஏறியபோது, பெரிய பாறைகள் வட்டமாகப் பாதி புதைந்து நின்றன. ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்திய ஈமக்குழிகள் அவை என்றான். இப்படிப்பட்ட சில வட்டங்களைத் தோண்டியபோது உள்ளே பானைகள் மட்டும்தான் இருந்தனவாம், எலும்பே இல்லையாம். எங்கோ செத்து, கிடைக்காமல் போனவர்களுக்காக நட்டிருக்கலாம் என்கிறார்களாம்.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

"உடம்பு இல்லாமயேவா கல்லு நட்டாங்க?"

"அப்பிடித்தான் சொல்றாங்க."

"அப்ப அந்தப் பொம்பளைங்களும் காத்துக்கினு இருந்திருப்பாங்க இல்ல."

ஒரு கல்லின்மேல் கை வைத்து "ஏழுமல" என்றாய். அத்தனை வருடத்தில் முதல்முறை. பிறகு அழுதாய். உன் தம்பி நகர்ந்து போனான். நான் உன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது ஒரு பிடி மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாய்.

ஆடி அமாவாசையில் காரியம் முடித்தோம். கரைமேட்டில் ஒரு கல் நட்டு, அடியில் அந்த மண்ணைத் தூவினாய். அதன்பிறகு வீட்டில் அவன் பேர் புழங்கியது. "ஏழுமலைக்கு மடவை மீன் கொழம்புன்னா உசிரு" என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்வாய். சில நாள் சிரிக்கவும் செய்தாய். எனக்கு நீ திரும்பக் கிடைத்துவிட்டாய் என்று நம்பினேன். அடுத்த மழைக்காலம் வரைதான். காய்ச்சலோடு என் தோளில் சாய்ந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போன உன்னை, வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.

அவன் கல்லுக்குப் பக்கத்திலேயே உன்னை வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்து, கையால் மண் போட்டு அனுப்பினால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. சாயங்காலம் வலையை உலர்த்திவிட்டு அங்கே போகிறேன். நீ சொன்ன மாதிரியே அவன் பேரை வாய்விட்டுச் சொல்கிறேன். உன் பேரைச் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.