பதினான்காம் வார்டு, ஒன்பதாம் படுக்கை

மார்ச் 4, செவ்வாய்

விரல் செத்துவிட்டது. இடது கை ஆள்காட்டி விரல். வீட்டுக்கு வந்து வெந்நீரில் வைத்தேன். சூடு உறைக்கவே நேரம் பிடித்தது. பிரெய்லியில் எழுதுவதைச் சரிபார்க்கக்கூட வலது கையைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு நல்லது, இந்த நோட்டு வீட்டில் வேறு யாருக்கும் படிக்க வராது. யாரை வேண்டுமானாலும் திட்டலாம்.

இன்று மேலாளரை. பதினோரு வருடமாக ஆஸ்பத்திரி விசாரணை ஃபோனில் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளிகள் பட்டியலைப் பக்கத்து நாற்காலி அக்கா வாசிப்பார், நான் ஃபோனில் சொல்வேன். அக்கா போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள லிஸ்ட்டை நீங்களே படிச்சாகணும். இல்லன்னா போர்வை மடிக்கிற ரூம்ல இடம் இருக்கு" என்கிறார் மேலாளர். இடம் இருக்கிறதாம். பெரிய மனசு.

மார்ச் 6, வியாழன்

பார்வையற்றோர் சங்கத்தில் இரவல் கொடுத்த வாசிப்புப் பெட்டியோடு இன்றும் முழுக்க மல்லுக்கட்டு. வலது கையில் தீப்பெட்டி அளவுக் கேமரா. அதைக் காகிதத்தில் வரியோடு உருட்ட வேண்டும். இடது விரலைப் பெட்டியில் இருக்கும் பள்ளத்தில் வைத்தால், அடியில் வரிசை வரிசையாக ஊசிமுனைகள் அதிர்ந்து, கேமரா பார்க்கிற எழுத்தை அதே உருவத்தில் விரலில் வரைகின்றன. ண வந்தால் மூன்று சுழி ஓடும். மூன்றா இரண்டா என்று யோசிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும்.

பேசுகிற ஃபோனை வைத்துப் படித்தால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் காதில் ஏற்கெனவே யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். அதற்கு மேல் இன்னொரு குரலை எங்கே வைப்பது? விரல்தான் சும்மா இருக்கிறது.

வீட்டுக்காரர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து விரல் வைத்துப் பார்த்தார். கொசு கடிக்கிறது என்றார். கொசுப் பெட்டி என்று பெயரும் வைத்தாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல். தலைவலி.

மார்ச் 14, வெள்ளி

பதினெட்டுச் சொல். ஒரு வழி கண்டுபிடித்தேன்: வரிக்கு அடியில் இரும்பு ஸ்கேலை வைத்து, கேமராவை அதன்மேல் சாய்த்து ஓட்டுகிறேன். இல்லாவிட்டால் பெயரிலிருந்து, நோயாளியின் நிலைமை எழுதிய கடைசிக் கட்டத்துக்குப் போவதற்குள் கை சரிந்து அடுத்த நோயாளியின் வரிக்குள் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது ஃபோனுக்கு ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். ஓயாமல் தும்முகிறாள். நான் தும்மல் என்றுதான் கூப்பிடுகிறேன். அவளும் "சொல்லுங்கக்கா" என்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

செய்துவிட்டேன்.

பத்து மணிக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார். பதினான்காம் வார்டு, ஒன்பதாம் படுக்கை, அவர் மனைவி. இன்னும் மூன்று அழைப்பு காத்திருந்தது. ஸ்கேல் எங்கேயோ நழுவிவிட்டது, குனிந்து தேடச் சோம்பல் — சோம்பல்கூட இல்லை, அலுப்பு. சும்மா ஓட்டினேன். கடைசிக் கட்டத்தில் "வீடு" என்று விரலில் ஓடியது. இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னேன். அவர் நன்றிம்மா, நன்றிம்மா என்று நாலு தடவை.

மத்தியானம் வார்டு நர்ஸ் வந்து கத்தினாள். பெரியவர் வண்டி பிடித்து, மனைவியின் செருப்பைப் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறார். அந்தம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். "வீடு" என்றது பத்தாம் படுக்கைக்கு.

நர்ஸுக்கு எந்த ஃபோன் என்று தெரியாது. மேலாளர் தும்மலைத்தான் கூப்பிட்டார். அவள் பேரில் ஏற்கெனவே இரண்டு புகார். நான் ஸ்கேலைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்திருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

தும்மலுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். பதில் எழுத மூன்று நாள். அவள் சண்டையே போடவில்லை. "நானாத்தான் இருக்கும்க்கா. அம்பது கால் வருது, யாருக்கு என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றாள். செய்யாத தப்பை இவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்கிறாளே. கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் எனக்கும் ஒரு வழி கிடைத்திருக்கும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூலைக் கோத்து முடித்தார். பிறகு, "கண்ணு இருக்கிறவ பண்ணா மறதிம்பாங்க. நீ பண்ணா கண்ணு இல்லாததாலம்பாங்க. பேசாம இரு" என்றார். நியாயமான பேச்சுத்தான். அதுதான் பிரச்சினை.

மார்ச் 19, புதன்

இன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தொட்டாலே எரிச்சல்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். காலையில் மேலாளர் வந்து உட்காருவதற்குள். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று பயம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "இதனாலதான் நான் முதல்லயே யோசிச்சேன்" என்றார், இரக்கமாக. அந்த இரக்கத்துக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என்னை மாதக் கடைசிவரைதான் பார்ப்பாராம். அதுவரை "வீடு" என்று வந்தால் தும்மலிடம் காட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அவள் என்னிடம் கோபித்துக்கொண்டாள். "எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்க்கா. உங்களுக்கு இந்தச் சேர்தானே இருக்கு." நான் என்ன செய்ய? நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை. தூக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 21, வெள்ளி

பெரியவர் தினமும் வெளிப் பெஞ்சில் வந்து உட்காருகிறாராம். தும்மல் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டையில் சோப்பு வாசனை. ஆள் மெலிசு போலிருக்கிறது, நான் உட்கார்ந்ததும் பெஞ்சு என் பக்கம் சாய்ந்தது.

"தப்பா சொன்னது நான்தாங்க. எனக்குக் கண்ணு தெரியாது, லிஸ்ட்டை விரலாலதான் படிக்கிறேன். ஒரு வரி கீழ இறங்கிட்டேன்" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டாரோ என்று கையை நீட்டிப் பார்க்க இருந்தேன்.

"கீழ் வரி யாரு?" என்றார்.

"பத்தாம் படுக்கை."

"அவங்களாவது வீட்டுக்குப் போனாங்களா?"

"போனாங்க."

"ம்."

அவ்வளவுதான். மன்னித்தாரா என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு வீட்டைக் கழுவி, புதுப் போர்வை விரித்துவிட்டுத்தான் வந்தாராம். அதைத் தும்மலிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

ஸ்கேலைக் கயிறு போட்டு மேசைக் காலில் கட்டிவிட்டேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். இருபத்து நாலு சொல். ஒன்பதாம் படுக்கை வரியை யாரும் கேட்காமலே தினமும் முதலில் படிக்கிறேன். தீவிர சிகிச்சை. தீவிர சிகிச்சை. தீவிர சிகிச்சை. அந்த இரண்டு சொல்லை மட்டும் இப்போது வேகமாகப் படிக்க வருகிறது.

மார்ச் 31, திங்கள்

"இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்" என்றார் மேலாளர். சந்தோஷம் வரவில்லை. விரலுக்கு இன்னும் ஒரு மாதம், அவ்வளவுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கே படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

காலைப் பட்டியல் வந்ததும் வழக்கம்போல ஒன்பதாம் படுக்கை. மூன்று நாளாக "தேறுகிறார்" என்று வந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் விரல் நின்றுவிட்டது. மறுபடி பெயரிலிருந்து ஓட்டினேன். பிறகு ஸ்கேலை எடுத்துத் திரும்ப அழுத்தி வைத்து, மூன்றாம் முறை. வீடு. எட்டாம் படுக்கையைப் பார்த்தேன், பத்தாம் படுக்கையைப் பார்த்தேன். இரண்டிலும் வேறு சொல்.

பத்து மணிக்கு அவர் கூப்பிட்டார். பெஞ்சில் பேசிய பிறகு ஒரு தடவைகூட ஃபோன் செய்ததில்லை. இன்று மழை, வர முடியவில்லையாம். வார்டையும் படுக்கையையும் சொன்னார். சொல்ல வேண்டியதே இல்லை.

"வீட்டுக்கு அனுப்புறாங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்களே படிச்சீங்களாம்மா?"

"நானேதான். மூணு தடவை. இருங்க, பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க இருக்காங்க, அவங்களையும் ஒரு தடவை பாக்கச் சொல்றேன்."

தும்மல் அதற்குள் எழுந்து வந்துவிட்டாள், நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வேணாம்மா" என்றார். "நான் வண்டி சொல்லிடுறேன்."