பின்னால் வந்த சுவர்

இவ்வளவு காலம் மனம்விட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன், அண்ணா. என்னைக் கப்பலேற்றிவிட்ட அன்றுகூடப் பேசவில்லை. நமஸ்காரம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அண்ணி சுகமா?

ரங்கூனில் எனக்குக் குறையில்லை. போட்டாதாங் பக்கம் வெள்ளைக்காரர் கட்டிய பழைய செங்கல் வீடு ஒன்றைப் புதுப்பிக்க வரைபடம் போடுகிறேன். குடிவந்தவர்கள் எல்லாரும் அதை மாற்றியிருக்கிறார்கள். ஆற்றைப் பார்த்த தலைவாசல் இப்போது சமையலறை. இந்த வெக்கையிலும் குளிர்காய ஒரு கணப்பு இருந்திருக்கிறது. அது இப்போது அலமாரி. கூடத்தின் நடுவே மெல்லிய சுவர் ஒன்று. பின்னால் வந்த தடுப்புதானே, இடிக்கலாம் என்று குறித்தேன். நாலு வரிசை கல்லை எடுத்ததும் மாடி முனகியது.

“ஐயா, வெளிய வாங்க! படிச்சவங்களுக்குச் சுவரே வாய்விட்டுச் சொல்லணுமா?” என்று செல்லையா மேஸ்திரி என்னை இழுத்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அங்கே முதலில் இருந்த கனத்த சுவரை யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். அதன்பின் மாடியைத் தாங்கியது அந்தத் தடுப்புதான்.

என்னைக் கேட்காமல் நம் வீட்டின் நடுவே நீங்கள் எழுப்பிய சுவரை இடிக்கச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது எது சரியென்று தெரியவில்லை. கிணறு எந்தப் பக்கம்? அம்மாவின் படம் எந்தப் பக்கம்? கோடு போட்டாவது அனுப்புங்கள். நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம்.

போன கடிதத்தில் இருந்த என் கையெழுத்தைக் காட்டி, பாகப்பிரிவினைக்குத் தம்பி சம்மதித்துவிட்டான் என்று ஊரில் சொன்னீர்களாம். தபாலுக்கு நேரமாகிறது. இதைக் கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன்.