இறங்கி வராத சனிக்கிழமை

போடிநாயக்கனூர்,
21.6.2020, ஞாயிறு.

அன்புள்ள தம்பி அருள்பாண்டிக்கு,

அக்கா ஜோதி எழுதுகிறேன். நான், உன் மச்சான், முத்துப்பிரியா மூவரும் சுகம். அப்பா சுகம், அம்மாவும் சுகம். ஆனால் அம்மா இப்போது வீட்டில் இல்லை.

இந்த வரியோடு நீ போனை எடுப்பாய் என்று தெரியும். எடுக்காதே, முழுவதும் படித்துவிட்டு எடு. போனில் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், சொல்ல வந்தது நடுவில் எங்கேயோ தொலைந்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். தோகாவுக்குத் தபால் எப்போது போகும் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. உன் மருமகள் முத்துப்பிரியாதான் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பப்போகிறாள்.

அம்மா மலையில் இருக்கிறாள். ஏலத்தோட்டத்து வீட்டில், அப்பாவோடு. வியாழக்கிழமை ஏறிப் போனாள்.

மார்ச் மாதம் செடிக்குத் தண்ணீர் விட ஏறிய அப்பா, சனிக்கிழமை இறங்கிவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனார். அதற்குள் ஊரடங்கு. போடிமெட்டில் நம் பக்கமும் கேரளப் பக்கமும் தடுப்பைப் போட்டுவிட்டார்கள். ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பெல்லாம் நின்றன. தோட்டத்தில் அப்பாவும், தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் பால்சாமி குடும்பமும்தான் மிச்சம். காய்கறி வண்டிகளை மட்டும் விட்டார்கள். நம் டிரைவர் சுருளி, ஜீப்பில் தக்காளி லோடு ஏற்றி, அதற்கு நடுவில் அப்பாவின் சர்க்கரை மாத்திரையையும் அம்மா இடித்த பருப்புப்பொடியையும் சொருகிக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தான்.

பாஸ் கொடுக்க ஆரம்பித்த பிறகு நம் சண்டையும் ஆரம்பித்தது. அப்பாவை இறக்கிவிடலாம் என்றேன் நான். வேண்டாம், மலைதான் பத்திரம், எழுபத்து நாலு வயதுச் சர்க்கரைக்காரரைக் கூட்டத்துக்குள் கொண்டுவருவது கொலைக்குச் சமம் என்றாய் நீ. அம்மாவையும் ஊரடங்கு தொடங்கிய நாளிலிருந்தே மாடி அறையில் தனியே வைக்கச் சொல்லியிருந்தாய். தனித்தட்டு, தனிச்சொம்பு, படியோடு சாப்பாடு. வெள்ளிக்கிழமைதோறும் போனில் படம் போட்டு, வயது ஏற ஏறச் சாவு எப்படி ஏறுகிறது என்று காட்டினாய். முத்துப்பிரியா, “மாமா, நீங்க சொல்றது கோழியப் பஞ்சாரத்துல கவுக்குற மாதிரி இருக்கு” என்றாள். “பஞ்சாரத்துக்குள்ள இருக்க கோழியத்தான் நரி தூக்காது” என்றாய். நல்ல பதில்தான். பிறகு தேவாரத்துச் சின்ராசு மாமா ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. பெற்ற பிள்ளைகள்கூட முகம் பார்க்க முடியவில்லை. அதைக் கேட்ட அன்றைக்கு நானும் உன் கட்சிக்கு வந்துவிட்டேன்.

மசாலாக் கடை ஞானபாக்கியம் அக்கா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “நோய் வராம பூட்டிட்டீக, சரி. பூட்டுன எடத்துல கிறுக்குப் புடிச்சா அதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீக?” என்று கேட்டாள். முதலில் முகக்கவசத்தை ஏற்றுங்கள் அக்கா என்று சொல்லி நான் தப்பித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நம் பேச்சுக்கு நடுவில் ஏதோ சத்தம் வந்ததே, சிக்னல் கோளாறு என்று நினைத்தாயே, அது அம்மா. மாடியிலிருந்து இன்னொரு போனில் அதே அழைப்பில் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “அறுபத்தஞ்சுக்கு மேல, அறுபத்தஞ்சுக்கு மேலன்னு ஏலம் விடுறீகளே, அந்த ஏலத்துல நிக்கிற உருப்படி ரெண்டையும் ஒரு வார்த்த கேட்டீகளா?” என்றாள். நீ “அக்கா, எக்கோ வருது” என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டாய்.

தம்பி, நம் வீட்டுச் சனிக்கிழமை உனக்கு மறந்திருக்காது. அப்பா திங்கள் விடிய ஏறினால் சனி பொழுதுசாயத்தான் இறங்குவார். அம்மா செம்பு அண்டாவில் வெந்நீர் காயவைத்து, நல்லெண்ணெயும் சீயக்காயும் எடுத்துவைத்துக் காத்திருப்பாள். மலைக்காரர் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அப்பா நமக்கு அப்பா, அதுவரை எஸ்டேட்காரர். இந்த மூன்று மாதத்திலும் அம்மா அதை விடவில்லை. அண்டாவை மொட்டைமாடிக்கு ஏற்றி, மூன்று செங்கலை வைத்து, சனிக்கிழமை தவறாமல் தண்ணீர் காயவைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். “சாமிக்கு வெளக்குப் போடுறோம். சாமி எறங்கி வருதா?” என்றாள். ஆறிய தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றிவிடுவாள்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் சுருளி வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் தலையைச் சொறிந்தான். என்னடா என்றேன். “அக்கா, ஐயா வைய மாட்டேங்குறாரு” என்றான். அப்பா திட்டுவதே இல்லை என்பதுதான் அவன் புகார். “லோடு லேட்டாப் போச்சு, வையல. முட்டைக்கோசு அழுகிப்போயிருந்துச்சு, வையல. வாங்கி வச்சுட்டு, ‘சரிப்பா, போய்ட்டு வா’ங்குறாரு. என்னைய ‘அப்பா’ங்குறாரு அக்கா. எனக்குப் பயமா இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மாடியில் நின்று கேட்ட அம்மாவுக்கு வரவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு அப்படியே படியில் இருந்தது. மறுநாள் காலையில் கூப்பிட்டாள். “அந்த மனுசன் காய்ச்சல்லகூட வைவாரு. வையலன்னா உள்ளுக்குள்ள அத்துப்போச்சுன்னு அர்த்தம். அவரு எறங்க வேண்டாம். நான் ஏறுறேன்.”

இறக்குவதா வேண்டாமா என்று இத்தனை வெள்ளிக்கிழமை வாதாடினோமே, அம்மா ஏறலாம் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நம் வீட்டில் ஏறுவது அப்பா, காத்திருப்பது அம்மா. கொரோனா வந்தும் அது மாறாது என்றே இருந்திருக்கிறோம்.

உடனே தலையாட்டிவிடவில்லை. அம்மா போய் அப்பாவுக்கு ஒட்டவைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் உனக்குத்தான்: “மூணு மாசமா மாடியில அடச்சு வச்சிருக்கான் என் மகன். இந்தப் போடியில என்னைவிடச் சுத்தமான பொம்பள யாரு இருக்கா, கூட்டிட்டு வா பாப்போம்.” ஆக, அம்மாவைப் பயணத்துக்குத் தகுதியாக்கியது நீதான். உன் பஞ்சாரம் வீண்போகவில்லை. ஆனாலும் பரிசோதனை செய்தோம், தொற்று இல்லை என்று வந்தது. முத்துப்பிரியா பாஸ் எடுத்தாள். சுருளியும் பரிசோதனை செய்துகொண்டான். ஜீப்பில் எல்லாப் பக்கமும் திறந்துவைத்து, அம்மா பின்னால் உட்கார்ந்து போனாள். எண்ணெய், சீயக்காய், இரண்டு பேருக்கும் மூன்று மாதத்துக்கு மாத்திரை. மறக்காமல் செம்பு அண்டா.

மெட்டில் நடந்ததைச் சுருளி நடித்தே காட்டினான். கேரளத்துச் சுகாதாரப் பெண் ஒருத்தி, “அம்மச்சி, பதினாலு திவசம் வீட்டில்தன்னெ இரிக்கணும். புறத்துப் போகான் பாடில்லா” என்றிருக்கிறாள். பதினாலு நாள் வாசல் தாண்டக்கூடாதாம். அம்மா, “அப்ப எங்க வீட்டுக்காரரு?” என்று கேட்டிருக்கிறாள். ஒரே வீட்டில் இருப்பதால் அவரும் போகக்கூடாதாம். தோட்டத்துக்குமா என்று அம்மா கேட்க, தோட்டத்துக்கும் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். “அத அந்த மனுசன் கிட்டயும் போன் போட்டுச் சத்தமாச் சொல்லிரு ஆத்தா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றாளாம் அம்மா. இந்த உத்தரவைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவரை அந்தப் பெண் அதுவரை பார்த்திருக்க மாட்டாள்.

யோசித்துப் பார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்திருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதிலும் வீடு நிறைய ஆட்கள், மாடு, கன்று, நீ, நான். இப்போதுதான் இரண்டு பேரும் ஒரு வீட்டில் தனியாக, அரசாங்க உத்தரவோடு இருக்கிறார்கள். வாசலில் காகிதம்கூட ஒட்டியிருக்கிறதாம், உள்ளே யாரும் வரக்கூடாது என்று.

நேற்று சனிக்கிழமை. தோட்டத்து வீட்டு முற்றத்துக் கல்லில் ஏறி நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அம்மா அதில் நின்று கூப்பிட்டாள். பின்னால் மழைச் சத்தம். “ஜோதி, ஏலப்பூ செடியோட காலடியிலதான் பூக்கும்னு உனக்குத் தெரியுமா? வெள்ளையா, நடுவுல ஊதாக் கோடு போட்டு. இத்தன வருசம் ஏலக்காச் சோறு தின்னுருக்கேன், பூவப் பாத்ததில்ல. முத்தத்து ஓரத்துல ஒரு செடி நிக்கிது. உங்கப்பா குடை புடிச்சுக் காட்டுனாரு” என்றாள். அதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல்: “போன்ல கத பேசுனது போதும். தண்ணி ஆறிப்போச்சுன்னா நீயே குளிச்சுக்க!”

சாயங்காலம் சுருளி வந்து, வண்டியை நிறுத்தும் முன்பே தெருவெல்லாம் கேட்கக் கத்தினான்: “அக்கா! இன்னைக்கு வாசல்ல நின்னபடி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்க்கா! கத்தரிக்கா சொத்தையாம். என் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துட்டாரு!” பரிசு வாங்கியவன் மாதிரி நின்றான். ஞானபாக்கியம் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டினாள், முகக்கவசத்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு.

தம்பி, எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. மலையில் ராத்திரி மூச்சு முட்டினால், அத்தனை வளைவும் இறங்கித்தான் ஆஸ்பத்திரி. நீ காட்டிய படங்கள் பொய்யில்லை. சின்ராசு மாமா பொய்யில்லை. ஆனால் இந்த ஆபத்தை அவர்களே கையில் எடுத்துப் பார்த்து, எடை போட்டு, வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினாலு நாள் முடிந்ததும் மதுரையிலிருந்து கார் ஏற்பாடு செய்து இரண்டு பேரையும் இறக்கி, ஒருவரை மாடியிலும் ஒருவரைக் கீழேயும் வைக்க உனக்குத் தோன்றும். உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், கார் அனுப்பாதே. அவர்களாக இறங்குகிறேன் என்று சொல்லும் நாளில் நானே போய்க் கூட்டிவருகிறேன்.

இனி போனை எடுத்துக்கொள். அவர்களோடு தினமும் பேசு. அப்பா உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள், அது அவருக்கு மருந்து. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கூப்பிடாதே. அது அம்மா அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் நேரம்.

அறையிலேயே சமைத்துச் சாப்பிடு, கூட்டத்துக்குள் போகாதே. மலையிலிருக்கும் அந்த இருவரைப் போல உனக்கும் நீண்ட ஆயுசு கிடைக்கட்டும்.

என்றும் அன்புடன்,
உன் அக்கா,
ஜோதி.