அந்த ரெண்டு நிமிஷம்

மாவீரரே,

நாலு மணி நேரத்துக்குள்ள ஓடி முடிப்பேன்னு சபதம் போட்ட மாரத்தானுக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலா ஆயிடுச்சு. அதுக்கு மூணு நாளா கட்டில்ல துக்கம். நான் ஆபீஸ் கிளம்பறேன். சாப்பாடு மேஜை மேல இருக்கு. பன்னண்டு அடி தூரம்தான், யாரும் நேரம் குறிக்க மாட்டாங்க.

வழியில நான் போட்டோ எடுக்க நிறுத்தினதாலதான் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே! "இரு, தொப்பை தெரியுது, இன்னொண்ணு எடு"ன்னு நாலு தடவை நின்னு போஸ் குடுத்தது பக்கத்து வீட்டுக்காரரா?

குப்பைத்தொட்டியில போட்ட ஷூவை எடுத்து, துவைச்சு, பால்கனில காய வெச்சிருக்கேன். மழை வந்தா உள்ள எடுத்து வைங்க.

பி.கு: நாலு போட்டோவும் ஆடிப்போய்தான் வந்திருக்கு. நீங்க ஓடி வந்ததைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்து கை நடுங்கிடுச்சு. இதை ஊரெல்லாம் சொல்ல வேண்டாம்.