தப்பு உன் கையில் இல்லை

மந்தைவெளி
6.7.1997

ஹம்சா,

போன் பண்ணினால் வைத்துவிடுவாய். அதனால் கடிதம். நலமா என்று ஆரம்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

டுடோரியலில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. வித்தியாசம் நடத்துகிறாயாம். சர்க்கரை வேறு, தைமினுக்குப் பதில் யுராசில், இரட்டைச் சரடு, ஒற்றைச் சரடு. எழுதினால் மூன்று மார்க். நம் லேபில் இருந்த வித்தியாசம் வேறு. என் டி.என்.ஏ.வை மேஜையில் மறந்து வைத்தாலும் மறுநாள் அப்படியே இருக்கும். உன் ஆர்.என்.ஏ. விரல் பட்டாலே உடையும். என் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.வைத் தின்று தீர்க்க நானே ஓர் என்சைம் ஊற்றுவேன். கொதிக்க வைத்தாலும் சாகாத சனியன் அது.

போன வருஷம் மார்ச்சில் என் பிப்பெட் ஸ்பிரிங் போய் ஈக்காட்டுத்தாங்கலுக்கு ரிப்பேருக்குப் போனது. வர மூன்று மாதம். நீ வீட்டுக்குக் கிளம்பிய பிறகு உன் பிப்பெட்டை எடுத்துத்தான் அந்த என்சைமை அளந்தேன். நுனியை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். அது பிப்பெட்டுக்குள்ளேயே ஏறி ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த மூன்று மாதம்தான் உன் ஆர்.என்.ஏ. ஒரு தடவைகூடத் தேறவில்லை. இப்போது அதே பிப்பெட்டை எடுத்த வர்ஷினிக்கும் அதே கதி. புதிதாகச் சேர்ந்த பெண். என் பழைய நோட்டைப் புரட்டினேன். உன் பிப்பெட்டை எடுத்த தேதிகள் என் கையெழுத்திலேயே இருக்கின்றன.

"ஹம்சாவுக்குக் கை வேர்க்கும் சார், ஆர்.என்.ஏ. அவளுக்குச் சரிப்படாது" என்று வியாழக்கிழமை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னது நான். நீ வேலையை விட்டதும் அதனால்தான். தப்பு உன் கையில் இல்லை.

கருணாகரன் சாரிடம் சொல்லிவிட்டேன். ஜூலைக்குள் நீ பதில் போட்டால் உன் இடம் இருக்கிறதாம். திரும்பி வா.

அச்யுத்

*

தி. நகர்
12.7.1997

அச்யுத்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வரவில்லை. ஐஸ் மெஷின் நின்றுபோன அன்று சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோமே, அதுதான் ஞாபகம் வந்தது. எதுக்கு வெறும் ஐஸ் என்று கண்டக்டர் கேட்டார். நீ விறைப்பாக "ஆர்.என்.ஏ.வுக்கு" என்றாய். "அது இன்னா மீனு நைனா?" என்றார். அடையாறு வரை சிரித்தேன்.

கோபம் அப்புறம் வந்தது. ஒரு வருஷமாக இந்தக் கையில் பவுடர் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். "என்னடி, கையையே பாத்துண்டு ஒக்காந்திருக்கே?" என்று அம்மா கேட்டால் கையை மடியில் மறைத்துக்கொள்வேன். போர்டில் எழுதும்போதுகூட சாக்பீஸ் ஈரமாகிறதா என்று பார்ப்பேன்.

எனக்குத் தனியாக எழுதினால் ஆயிற்றா? எங்கே சொன்னாயோ அங்கே சொல்.

ஹம்சா

*

மந்தைவெளி
18.7.1997

ஹம்சா,

நேற்று மீட்டிங்கில் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். டீ கொண்டுவந்த மெஹபூப் அலி பாய், "அந்தப் பொண்ணு அழுதுகினே போச்சு சார். நான்தான் ஆட்டோ புடிச்சுக் குடுத்தேன்" என்றார்.

நீ அழுதது எனக்குத் தெரியாது. அன்று மீட்டிங் முடிந்ததும் நான் போய் என் வேலையைப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கிறேன்.

அச்யுத்

*

தி. நகர்
24.7.1997

அச்யுத்,

சாருக்கு எழுதிவிட்டேன். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேருகிறேன். உனக்காக இல்லை, அந்த வேலை எனக்கு வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. என் முதல் சோதனையை நான் முடிக்கும் வரை பக்கத்தில் வந்து பேசாதே. நன்றாக வந்தால் நானே கூப்பிடுவேன். வராவிட்டாலும் கூப்பிடுவேன். திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

ஹம்சா